ஒளகல் குழியில் நனையாத கை

சிவகங்கை என்றதும் தமிழ்நாட்டுச் சீமைக்குப் போய்விடாதீர்கள். நான் சொல்வது தும்கூர் ரோட்டில் தாபஸ்பேட்டையில் இடது பக்கம் திரும்பினால் வருகிற சிவகங்கெ பெட்டா. பெங்களூர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பி, மலையேறி இறங்கி, வழியில் தட்டே இட்லி தின்றுவிட்டு மத்தியானத்துக்குள் வீடு திரும்புகிற மலை. கிழக்கே நின்று பார்த்தால் நந்தி, மேற்கே பிள்ளையார், தெற்கே லிங்கம், வடக்கே படமெடுத்த பாம்பு என்று சொல்வார்கள். எனக்கு எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் பாறையாகத்தான் தெரிந்தது. என் பார்வை அவ்வளவுதான்.

அங்கே அதிசயங்களுக்குக் குறைச்சலே இல்லை. கீழே குகைக்கோயிலில் லிங்கத்தின் மேல் நெய்யைத் தேய்த்தால் வெண்ணெயாகிவிடும். நம் வீட்டு அடுப்பில் நடப்பதற்கு நேர் தலைகீழ். அதே குகையிலிருந்து பெங்களூர் கவிபுரம் கோயில் வரைக்கும் சுரங்கப்பாதை போகிறது என்பார்கள். கோலார் தங்கவயல் சுரங்கத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்த அப்பா, உயிரோடு இருந்தபோது இதைக் கேட்டுவிட்டு, "அத்தினி தூரம் தோண்டினவன் மண்ண எங்க கொட்டினானாம்?" என்று கேட்டார். உச்சியில் பாறையிலேயே செதுக்கிய நந்தி உட்கார்ந்திருக்கும். அதைச் சுற்றி வர ஆள் அகலத்துக்கு ஒரு விளிம்புதான் உண்டு. பக்கத்தில் ஒரு ராணி குதித்து உயிரை விட்ட இடம் என்று ஒரு பள்ளத்தைக் காட்டுவார்கள்.

பாதி மலையில் இருப்பது ஒளகல் தீர்த்தம்; ஒளகல் என்றால் கன்னடத்தில் உரல். குனிந்துதான் உள்ளே போக முடியும், இருட்டு. தரைப் பாறையில் உரல் குழி மாதிரி ஒரு துளை. மண்டி போட்டு, தோள் வரைக்கும் கையை உள்ளே விட வேண்டும். அடியில் தண்ணீர் இருக்கிறது, வெயில் காலத்திலும் வற்றாது. பாவம் செய்யாதவர் கைக்குத்தான் அது எட்டும் என்பது ஊர் நம்பிக்கை. ஆறடி ஆளுக்குக் கிடைக்காமல் போகும், அவன் இடுப்பு உயரம் இருக்கிற குழந்தைக்குக் கிடைக்கும், அதை நானே பார்த்திருக்கிறேன். பாறைக்குள் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் எப்படி என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். சுரங்கத்துக்குள் பாவம் புண்ணியம் பார்க்காமல் எல்லார் தலையிலும் தண்ணீர் சொட்டும் என்று அவர் சொல்வார். அவர் பேச்சை நான் கேட்டிருந்தால் இதை எழுதவேண்டி வந்திருக்காது.

முதல் தடவை நான் அங்கே போனது ஆபீஸ் ஆட்களோடு. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை எனக்கு. மற்றவர்கள் எழுதியதில் எங்கே பொய் இருக்கிறது, எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். சிரிக்காதீர்கள். அப்போது எனக்கு டைவர்ஸ் ஆகி மூன்று மாசம். பெங்களூர் ஆடுகோடியில் அம்மாவோடும் தம்பியோடும் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தேன். சொந்தக்காரர்கள் யாரும் என்னிடம் நேராக எதுவும் கேட்கவில்லை. அம்மாவிடம்தான் கேட்டார்கள். "என்ன பாவம் பண்ணிச்சோ உம்பொண்ணு" என்று தங்கவயலிலிருந்து ஒரு பெரியம்மா போனில் இரக்கப்பட்டதை ஸ்பீக்கரில் நானே கேட்டேன்.

அன்றைக்குக் குழிக்குள் கையை விட்டேன். தோள் எலும்பு பாறையில் இடிக்கிற வரைக்கும் அழுத்தினேன். ஈரமே இல்லை. விரலுக்கு வெறும் காற்றுதான் பட்டது. சரி போ என்று எழுந்து வந்துவிட்டேன், பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கதவைத் திறந்த கையோடு கேட்டாள். "இன்னாடி, தண்ணி கெடைச்சுதா?"

சாதாரணமாகக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். ஆனால் கதவின் தாழ்ப்பாளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையைப் பார்த்ததும் என் வாய் தானாகவே சொல்லிவிட்டது.

"கெடைச்சுதும்மா. நல்லாவே."

அம்மா அழுதுவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "எனக்குத் தெரியும், எம்பொண்ணு மேல தப்பில்லன்னு எனக்குத் தெரியும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அந்தப் பெரியம்மாவுக்கு அம்மாவே போன் போட்டுச் சொன்னாள், குரலில் ஒரு மிடுக்கோடு. நல்லதுக்குச் சொன்ன பொய்தானே என்று நானும் தேற்றிக்கொண்டேன். இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை விடலாம் போல இருக்கிறது.

அதற்கு இரண்டு வருஷம் கழித்துத் தம்பிக்குப் பெண் பார்த்தோம். பெண் ஓசூர் போகிற வழியில் இருக்கிற அத்திபெலேக்காரி. அவள் அப்பா அங்கே பெயிண்ட் கடை வைத்திருந்தார். பெண் ஒரு பரிசோதனை லேபில் ரத்தம் எடுக்கிற வேலையில் இருந்தாள். போட்டோவைப் பார்த்ததும் தம்பி உடனே தன் போனுக்கு அனுப்பச் சொன்னான். அவன் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"வீட்டுக்குப் போய் உக்காந்து, அந்தப் பொண்ணு காபி தட்டத் தூக்கிட்டு வந்து நிக்கறது, நாம மேலயும் கீழயும் பாக்கறது, அதெல்லாம் வேணாம்க்கா. அசிங்கம்" என்றான். "ரெண்டு குடும்பமும் எங்கயாவது வெளிய போலாம். நடந்துகிட்டே பேசலாம்."

எனக்கு அவன் பேச்சு பெருமையாக இருந்தது. எந்த இடம் என்று யோசித்தபோது, "சிவகங்கெ போலாம்" என்று அம்மாதான் சொன்னாள். கோயிலும் ஆச்சு, மலையும் ஆச்சு என்றாள். அம்மா மனசுக்குள் என்ன ஓடியது என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். தட்டேந்தி நிற்பது அசிங்கம் என்ற பையனின் கல்யாணத்தை, மண்டி போட்டுப் பாறைக்குள் கை விடுகிற பரீட்சையில் கொண்டுபோய் வைத்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மலையடியில் சந்தித்தோம். பெண்ணின் அம்மாவுக்கு முட்டி வலி, அதனால் அவர் கீழே குகைக்கோயிலிலேயே இருந்துகொண்டார். மற்ற ஐந்து பேரும் ஏறினோம். பெண்ணின் அப்பா எடுத்த எடுப்பிலேயே அம்மாவை "சம்பந்தியம்மா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அம்மா மறுக்கவில்லை. கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டே அவரிடம் ஒளகல் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"எம்பொண்ணுக்குப் போன தரமே கெடைச்சுது. விட்டதும் ஜில்லுனு பட்டுச்சாம். அவ வாழ்க்கைல நடந்ததுக்கு அவ காரணமே இல்ல, கேட்டுக்கோங்க."

"அப்படிங்களா! கேக்கவே சந்தோசமா இருக்கு" என்று அந்த மனிதர் மூச்சு வாங்க என்னைத் திரும்பிப் பார்த்துக் கைகூப்பினார். சத்தியமாகக் கைகூப்பினார். நான் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தேன்.

எங்களுக்கு முன்னால் தம்பியும் அந்தப் பெண்ணும் போனார்கள். படியில் ஒருவர் உப்பு மிளகாய்த்தூள் போட்டு வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்தார். தம்பி வாங்கி அவளிடம் நீட்டினான். அவள் கைக்குப் போவதற்குள் ஒரு குரங்கு வந்து பிடுங்கிக்கொண்டது. அடுத்ததையும் பிடுங்கியது. மூன்றாவது துண்டை அவள் வாங்கியதும் குரங்கிடமே நீட்டி, "இந்தா, நீயே மாப்ள பாத்துட்டுப் போ" என்றாள். தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்பா போனபிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் போய் ஒரு பாறையில் எல்லாரும் உட்கார்ந்தபோது என் பக்கத்தில் வந்து, காதுக்குள், "எனக்குப் புடிச்சிருக்குக்கா. நீதான் அம்மாகிட்ட பேசி முடிச்சுக் குடுக்கணும்" என்றான்.

"போடா, நான் பாத்துக்கறேன்" என்றேன். இதை நான் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது.

ஒளகல் குகைக்கு வெளியே சின்ன வரிசை நின்றது. எங்கள் முறை வந்ததும் குனிந்து உள்ளே போனோம். முதலில் தம்பி போனான், சிரித்துக்கொண்டே நனைந்த விரல்களை ஆட்டிக்கொண்டு எழுந்தான். அடுத்து அம்மா. அம்மாவுக்கும் கிடைத்தது. நனைந்த கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நீ வாடி" என்றாள். பெண்ணின் அப்பா, "ஆமா, அவங்களுக்குத்தான் போன தரமே கெடைச்சுதே" என்று எனக்கு வழிவிட்டார்.

இந்தத் தடவை கிடைத்தாலும் கிடைக்கலாம், கிடைக்காவிட்டால்? அம்மாவின் முகம் என்ன ஆகும்? இந்த மனிதர் என்ன நினைப்பார்? பொய்க்காரி என்று தெரிந்துவிட்டால் தம்பி சம்பந்தமே போய்விடுமோ? இப்படியெல்லாம் யோசித்தேன் என்று இப்போது எழுதுகிறேன். உண்மையில் தம்பியைப் பற்றி யோசித்தேனா என்று எனக்கே சந்தேகம். என் மானத்தைப் பற்றித்தான் யோசித்திருப்பேன்.

துப்பட்டாவுக்குள் பாட்டிலை வைத்துக்கொண்டு மூடியைத் திருகினேன். அவசரத்தில் மூடி எங்கேயோ விழுந்தது. வலது உள்ளங்கையில் தண்ணீரை ஊற்றி விரல்களை மூடிக்கொண்டேன். பிறகு மண்டி போட்டுக் கையைக் குழிக்குள் விட்டேன். மறுபடியும் காற்றுதான் பட்டது. பாறை உள்ளே குளிர்ந்திருந்தது, ஆனால் காய்ந்திருந்தது.

"சிக்தா மேடம்?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூசாரி கன்னடத்தில் கேட்டார். கிடைத்ததா என்று.

"சிக்து" என்றேன். எழுந்து விரல்களை உதறினேன். இரண்டு சொட்டு அம்மாவின் முகத்தில் தெறித்தது. அம்மா அதைத் துடைக்கக்கூட இல்லை.

எனக்கு அடுத்து அந்தப் பெண். என் பின்னாலேயேதான் நின்றிருந்தாள். மண்டி போட்டாள், சுரிதார் கையைத் தோள் வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொண்டாள், கையை விட்டாள். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள். பூசாரி கேட்டார். அவள் திரும்பிப் பார்த்தது அவரை இல்லை, என்னை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இல்ல, சிகலில்ல" என்றாள். கிடைக்கவில்லை என்று.

"இன்னொம்மே நோடம்மா" என்று, இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார் பூசாரி. அவள் வேண்டாம் என்று தலையாட்டி, கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே எழுந்தாள். அவள் அப்பா, "நல்லா உள்ள விட்டியாமா? நல்லா விட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் கை விடவே இல்லை. யாரும் அவரை விடச் சொல்லவும் இல்லை.

உச்சிக்குப் போகாமலே இறங்கிவிட்டோம். வெயில் ஏறிவிட்டது என்று அம்மா சொன்னாள். மலையடியில் கார் பக்கத்தில் அந்தப் பெண் என்னிடம் வந்து, "அக்கா, உங்க பாட்டில் மூடி. அங்க விழுந்து கெடந்துச்சு" என்று கொடுத்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. நான் வாங்கிக்கொண்டு தேங்க்ஸ் சொன்னேன். பார்த்திருப்பாளோ என்று ஒரு கணம் பயந்தேன். இருட்டில் எங்கே தெரிந்திருக்கப்போகிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நெலமங்கலா டோல் தாண்டியதும் அம்மா ஆரம்பித்தாள்.

"பொண்ணு நல்லாதான் இருக்கா. ஆனா மனசுக்கு ஒப்பலடா."

"ஒரு ஓட்டைல கை எட்டலன்னாம்மா?" வண்டி ஓட்டிக்கொண்டே தம்பி கத்தினான்.

"நம்ம மூணு பேருக்கும் கெடைச்சுது, அவளுக்கு மட்டும் ஏன் கெடைக்கல? அத நெனச்சுப் பாரு."

தம்பி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். "அக்கா, நீ சொல்லேன்."

சொல்லியிருக்கலாம். மூன்று பேருக்குக் கிடைக்கவில்லை அம்மா, இரண்டு பேருக்குத்தான் என்று ஒரே வாக்கியம். அதைச் சொன்னால் இரண்டு வருஷத்துக்கு முந்தியதும் சேர்ந்து உடையும். அம்மா தெரு முழுக்கச் சொன்னது உடையும். பெரியம்மா சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அம்மா சொல்றதையும் யோசிக்கத்தானே வேணும்" என்றேன்.

தம்பி அதற்குப் பிறகு கண்ணாடியைப் பார்க்கவில்லை. வீட்டில் ஒரு வாரம் சண்டை போட்டான். அம்மா சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். கடைசியில், "என்னமோ பண்ணிக்கோங்க" என்று விட்டுவிட்டான். ஜாதகம் சரியில்லை என்று சொல்லிவிடலாம் என்று அம்மா முடிவு செய்தாள். போன் பண்ணியது நான். வேறு யார் பண்ணுவார்கள், வீட்டில் நன்றாகப் பேசத் தெரிந்தவள் நான்தானே.

காரணம் ஜாதகம் இல்லை என்று பெண்ணின் அப்பாவுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"அவ கை கொஞ்சம் குட்டைம்மா" என்றார். "சின்ன வயசுலருந்தே அப்படித்தான். மேல் அலமாரில இருக்கறது எதுவும் எட்டாது. அதான் தண்ணி படல, வேற ஒண்ணுமில்ல. இன்னொரு தரம் வேணா கூட்டிட்டு வரட்டுமா? மழ பேஞ்சா தண்ணி மேல வரும்னு சொல்றாங்க."

"இல்லைங்க, ஜாதகம்தான்" என்றேன். போனை வைத்துவிட்டுப் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்தத் தண்ணீர் சத்தத்தைக் கேட்கக்கூட எனக்கு அருவருப்பாக இருந்தது.

பத்து மாசம் ஓடியது. தம்பிக்கு ஆறேழு இடம் பார்த்தோம். எல்லாப் போட்டோவையும் போனிலேயே பார்த்துவிட்டு, "நல்லாருக்கு, ஆனா வேணாம்" என்றான். சண்டைகூடப் போடவில்லை. என்னோடு தேவைக்கு மேல் பேசுவதையும் நிறுத்திவிட்டான். ஒருநாள் அவன் போனில் ஏதோ தேடப்போனபோது அந்த அத்திபெலே போட்டோ இன்னும் இருப்பதைப் பார்த்தேன். அன்று இரவே முடிவு செய்தேன், அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும். அவளிடம் சொன்னபிறகு அம்மாவிடம் சொல்வது. அவள் மன்னித்தால் எல்லாவற்றையும் திரும்ப ஒட்டவைத்துவிடலாம் என்று நம்பினேன். என் புத்தி அப்போதும் அப்படித்தான் ஓடியது, பாருங்கள்.

அவள் வேலை பார்க்கிற லேப் என் ஆபீஸ் பக்கம்தான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். காரணம் இல்லாமல் போய் நிற்க வெட்கமாக இருந்தது. சுகர் டெஸ்ட் எடுக்க வந்த மாதிரி, ஒரு சனிக்கிழமை காலை வெறும் வயிற்றோடு போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். பெயரைக் கூப்பிட்டதும் திரைக்குப் பின்னால் போனால் அவளேதான். நீலக் கோட்டு, கையுறை. என்னைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றாள். பிறகு, "உக்காருங்கக்கா. கைய நீட்டுங்க" என்றாள்.

வலது கையை நீட்டினேன். அதே கை. முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டினாள். அவள் கை குட்டை எல்லாம் இல்லை. சாதாரணக் கை.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றேன். "அன்னிக்கு எனக்குத் தண்ணி படல."

"தெரியும்க்கா. மூடி உருண்டு என் காலுக்குத்தானே வந்துச்சு. விரல மூடிக்கோங்க."

மூடிக்கொண்டேன். அன்றைக்கு மூடின மாதிரியே. ஊசி உள்ளே போனது தெரியவில்லை.

"உங்கிட்ட மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன். என்னாலதான் உனக்கு இப்படி ஆயிடுச்சு. நான் பொய் சொன்னேன், நீ உள்ளத உள்ளபடி சொன்ன, அதனாலதான்..."

"நானும் பொய்தான் சொன்னேன்க்கா" என்றாள். குழாயில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல். "எனக்குத் தண்ணி பட்டுச்சு."

எனக்குப் புரியவில்லை. அவள் பட்டையை அவிழ்த்தாள், ஊசியை எடுத்தாள், பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா ஜில்லுனு, விரல் முழுக்கப் பட்டுச்சு. துப்பட்டால தொடச்சுகிட்டேன்."

"ஏம்மா?"

"பயமா இருந்துச்சுக்கா. உங்க தம்பி நல்லவரு. எனக்குப் புடிச்சும் இருந்துச்சு. ஆனா நீங்க அந்த வீட்டுப் பொண்ணு, வேலைக்குப் போறீங்க, சம்பாதிக்கிறீங்க. நீங்களே ஒரு கை தண்ணிக்காக ஒளிச்சு ஊத்திக்கறீங்கன்னா, வர்றவ நான் எத்தினி ஊத்திக்கணுமோன்னு தோணிடுச்சு. வேணாம்னு அப்பாகிட்ட சொல்ல எனக்கு வாய் இல்ல, ஏற்கெனவே ரெண்டு எடம் வேணாம்னுட்டேன். எனக்குப் படலன்னு சொன்னா நீங்களே வேணாம்னு சொல்லிடுவீங்கன்னு தெரிஞ்சுது. சொல்லிட்டீங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் எழுந்து வந்திருப்பேன்.

"தம்பிகிட்டயாவது தனியாச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லியிருக்கலாம். அது என் தப்புதான். அவரு போன் பண்ணியிருந்தா சொல்லியிருப்பேன். அவரும் பண்ணல." பஞ்சின் மேல் ஒரு சின்ன பிளாஸ்திரி ஒட்டினாள். "கைய மடக்கிட்டு அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டுப் போங்க."

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போயிடல. நான் அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன். தம்பி இன்னும்..."

"எனக்குத் தை மாசம் கல்யாணம்க்கா." கையுறையைக் கழற்றினாள். உள்ளே மோதிரம் இருந்தது. "அப்பா இன்னும் ஊரெல்லாம் என் கை குட்டைன்னு சொல்லிட்டிருக்காரு. நிச்சயத்துல மாப்ள வீட்டுக்காரங்ககிட்டயும் சொல்லிட்டாரு. சிரிச்சாங்க. ரிப்போர்ட் சாயங்காலம் போனுக்கு வந்துரும்."

அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.

வெளியே மேம்பாலத்துக்குக் கீழே நின்று பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பஸ் ஒன்று போனது, இன்னொன்று போனது, ஏறத் தோன்றவில்லை. என் பொய்யால் அந்தப் பெண்ணுக்குக் கேடு செய்துவிட்டேன் என்று பத்து மாசமாகக் குமுறிக்கொண்டிருந்தேன். அதில்கூட ஒரு பெரியமனுஷித்தனம் இருந்திருக்கிறது. அவளுக்கு ஒரு கேடும் இல்லை, அவள் பார்த்தாள், விலகிக்கொண்டாள். கேடு என் தம்பிக்குத்தான். "போடா, நான் பாத்துக்கறேன்" என்று சொன்ன வாய்தான் அதைச் செய்தது.

வீட்டுக்குப் போனபோது அம்மா சமையலறை வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தம்பி ஹாலில் லேப்டாப்போடு இருந்தான். செருப்பைக் கழற்றாமலே நின்று சொன்னேன். யோசித்தால் மறுபடியும் நல்லதாக ஒரு பொய் கிடைத்துவிடும் என்று பயம்.

"அம்மா, சிவகங்கெல எனக்கு ரெண்டு தரமும் தண்ணி படல. போன தரம் பாட்டில் தண்ணிய ஊத்திக்கிட்டேன்."

அம்மாவின் கை கீரையிலேயே நின்றுவிட்டது. என்னைப் பார்த்து, "மொத தரமுமா?" என்று கேட்டாள். சின்னக் குரலில், குழந்தை கேட்கிற மாதிரி.

"மொத தரமும்தான்மா."

அம்மா தலையைக் குனிந்துகொண்டு மறுபடி கீரையை எடுத்தாள். நல்ல இலையையும் காம்பையும் ஒன்றாகவே போட்டுக்கொண்டிருந்தாள். அவள் எனக்காகச் சண்டை போட்ட ஒவ்வொரு போனும் என் காதில் கேட்டது.

தம்பி லேப்டாப்பை மூடினான். நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"அந்தப் பொண்ணுக்குப் பட்டுச்சுடா. இன்னிக்குப் போய்ப் பாத்துட்டுதான் வரேன். அவளுக்குத் தை மாசம் கல்யாணம்."

அவன் எழுந்து நின்றான். "பட்டுச்சுன்னா ஏன் இல்லன்னு சொன்னா?"

"என்னப் பாத்துட்டுதான்டா."

நான் ஊற்றியதையும், மூடி உருண்டதையும், அவள் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவனுக்கு அவளைப் பிடித்த மாதிரி அவளுக்கும் பிடித்திருந்தது என்பதையும், அவன் ஒரு போன் பண்ணியிருந்தால் சொல்லியிருப்பாள் என்பதையும் சேர்த்தே சொன்னேன். கத்துவான், கையில் இருப்பதை விட்டெறிவான் என்று நின்றேன். அவன் கிட்டே வந்தான். என் வலது கையைப் பிடித்து நீட்டி, முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த அந்தச் சின்ன பிளாஸ்திரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது அவ ஒட்டினதாக்கா?" என்று கேட்டான்.

"ஆமாடா" என்றேன்.